தாழ்ப்பாளைத் தொட்டுச் சொன்ன சத்தியம்

கடலோரத்தில் ஒரு சின்ன நாடு. பெயரைச் சொன்னால் வம்பு, விட்டுவிடுவோம். அந்த நாட்டில் கடல்முத்து வங்கி என்று ஒரு வங்கி இருந்தது. பெரிய மனிதர்களுக்குக் கேட்டபோதெல்லாம் கடனை அள்ளிக் கொடுத்தது. வாங்கிய ஒருவரும் திருப்பித் தரவில்லை. வங்கி மூழ்கப் போகிறது என்றதும் அரசாங்கம் கஜானாவைத் திறந்து கொட்டியது. கொட்டியதை ஈடுகட்ட யார் மடியில் கை வைத்தார்கள் தெரியுமா? நர்சுகள், வாத்தியார்கள், பஸ் டிரைவர்கள். அவர்கள் சம்பளத்தில் பாதியை வெட்டினார்கள். மீதிப் பாதியையும் அதே வங்கியில்தான் போடுவோம் என்றார்கள். அநியாயம்தான், ஆனால் சட்டப்படி நடந்த அநியாயம்.

இதையெல்லாம் கேள்வி கேட்க நாடாளுமன்றத்தில் ஒரு கணக்குக் குழு உண்டு. அதற்குத் தலைவி தில்லைநாயகி. அவளும் பழைய நர்சுதான். தேர்தல் சமயத்தில் அரசு ஆஸ்பத்திரி வாசலில் நின்று, "அந்த அறையில என் காதுல விழுறது எதுவும் உங்க காதுக்கு வராமப் போகாது" என்று வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நர்சுகள் அவளைத் தூக்கிக்கொண்டு போய்ச் சபையில் உட்கார வைத்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், வெட்டிய சம்பளத்தைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று விசாரிக்கக் குழு கூடியது. நிதிச் செயலாளர் சபாரத்தினம் சாட்சி சொல்ல வந்தார். மடியில் சிவப்புக் கரை போட்ட ஒரு துணிப்பை. கதவைச் சாத்தினால்தான் பேசுவேன் என்றார்.

கதவைச் சாத்துவதற்கு அந்தச் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. உள்ளே இருப்பவர்கள் எல்லோரும், சாட்சி உட்பட, தாழ்ப்பாளைத் தொட்டுச் சத்தியம் செய்ய வேண்டும். "இங்கே கேட்டதை வெளியே சொல்ல மாட்டேன். இதை வைத்து எனக்கென்றோ என்னைச் சேர்ந்தவர்களுக்கென்றோ எதுவும் தேடிக்கொள்ளவில்லை, தேடிக்கொள்ளவும் மாட்டேன்." தில்லைநாயகி தொட்டுச் சொன்னாள். சபாரத்தினமும் பையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு தொட்டுச் சொன்னார்.

பிறகு எல்லோர் தலையிலும் கல்லைப் போட்டார். கொட்டிய பணம் அத்தனையும் போயிற்று, வங்கி மறுபடியும் மூழ்கிவிட்டது, திங்கட்கிழமை திறக்காது. இன்று ஒரு வார்த்தை கசிந்தால் ஊரே வங்கி வாசலில் போய் நிற்கும். முந்தினவனுக்கு முழுப் பணம், பிந்தினவனுக்கு வெறுங்கை. ஆகவே வாயைத் திறக்காதீர்கள் என்றார்.

தேநீர் இடைவேளை என்று சொல்லிவிட்டு, தில்லைநாயகி தாழ்வாரத்துக்கு வந்தாள். அங்கே, சம்பள விசாரணை என்ன ஆகிறது என்று பார்க்க வந்த ஆக்னஸ் நின்றுகொண்டிருந்தாள்.

ஆக்னஸ் யார் என்றால், இருபது வருஷம் அவளோடு ஒரே வார்டில் வேலை பார்த்தவள். தில்லைநாயகியின் பிரசவத்தின்போது பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள். இப்போது அவள் புருஷனுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை, புதன்கிழமைக்கு நாள் குறித்தாகிவிட்டது. பாதிச் சம்பளத்திலும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அவள் சேர்த்த பணம் கடல்முத்து வங்கியில்தான் கிடந்தது.

"செயலாளர் உள்ள போறப்ப கையில இருந்த பையைப் பாத்தியா, நாயகி? கணக்கை முடிச்சுட்டு எல்லாத்தையும் எடுத்துட்டுப் போறவங்களுக்கு மட்டுந்தான் வங்கியில அந்தப் பையைக் குடுப்பாங்க" என்றாள் ஆக்னஸ்.

தில்லைநாயகி பார்த்திருந்தாள். பார்த்தும் புத்தியில் உறைக்கவில்லை. இப்போது உறைத்தது.

"வங்கி எதிர்ச்சாரியில இருக்கு. மூட இன்னும் கால் மணி நேரம் கிடக்கு. நான் ஓடட்டுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லு."

ஓடு என்றால் சத்தியம் போயிற்று. அது மட்டுமா? ஆக்னஸ் பணத்தோடு வெளியே வருவாள், வார்டில் நோயாளிகளை விட்டு நகர முடியாத நர்சுகள் திங்கட்கிழமை பூட்டிய கதவைப் பார்த்து நிற்பார்கள். ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போ என்றால் அது பச்சைப் பொய், ஒரு மனிதனின் உயிர் போனாலும் போகும். பேசாமல் நிற்கலாம் என்றால், இருபது வருஷம் பழகியவளுக்கு விஷயம் புரிய அந்த மௌனமே போதும். ஆஸ்பத்திரி வாசலில் கொடுத்த வாக்கு ஒரு பக்கம் இழுத்தது, தாழ்ப்பாளைத் தொட்ட கை மறுபக்கம் இழுத்தது. கடிகார முள் யாருக்காகவும் நிற்கவில்லை. ஆக்னஸ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேட்டுக்கொண்டிருப்பவர்களே, இப்போது நீங்கள் சொல்லுங்கள். செயலாளருடன் சேர்ந்து செய்த சத்தியம் இன்னும் அவளைக் கட்டுமா? ஆக்னசுக்கு அவள் என்ன செய்வது சரி?

விடை: சத்தியத்துக்கு இரண்டு பாதி. தனக்கென்று தேடிக்கொள்ளவில்லை என்ற பாதியைச் சபாரத்தினம் பையில் போட்டுக்கொண்டுதான் உள்ளேயே வந்தார். அவர் முந்திக்கொண்ட பிறகு, வெளியே சொல்ல மாட்டேன் என்ற பாதி ஊரைக் காப்பாற்றவில்லை, அவரைத்தான் காப்பாற்றியது. ஆகவே அது அவளைக் கட்டாது. ஆனால் தன்னைச் சேர்ந்தவர்களுக்கென்று தேடிக்கொள்ள மாட்டேன் என்ற பாதியை அவள் இன்னும் மீறவில்லை, அது அவளைக் கட்டும். ஆக்னஸ் அவளைச் சேர்ந்தவள். ஒரு காதில் சொல்லக் கூடாது, எல்லாக் காதிலும் ஒரே நேரத்தில் சொல்லலாம், அதுவும் வங்கிக் கதவு மூடிய பிறகு. அப்போது முந்தினவன் பிந்தினவன் என்று ஒருவரும் இல்லை, யார் பணத்தைக் காப்பாற்றுவது என்று சபை எல்லோர் கண் முன்னாலும் பேசியாக வேண்டும், அந்தப் பையும் திரும்பி வந்தாக வேண்டும். ஆகவே அவள் செய்ய வேண்டியது, ஆக்னசை ஓட விடாமல் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நிற்பது, வங்கி மூடியதும் ஊருக்கே சொல்வது. பிரசவ அறையில் அவள் கையைப் பிடித்திருந்த அதே கை. விடை இதுதான், சரியான விடைதான். ஆக்னஸ் அவளை மன்னிப்பாளா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.