தாழ்ப்பாள் கட்சியும் ஊமைக் கடுவாயும்

முன்னொரு காலத்திலே, கிளிகள் எல்லாம் கூச்சமே இல்லாமல் மனுஷ பாஷை பேசிக்கொண்டு திரிந்த காலத்திலே, நீராழி என்று ஓர் ஆறு ஓடியது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் இரட்டைக்கரை நாடு. அந்தப் பக்கம் அக்கரைக்காரர்கள். இவர்கள் தினை விளைத்தார்கள், அவர்கள் தேன் எடுத்தார்கள். தினைமாவும் தேனும் பக்கத்தில் இருந்தால் சண்டையா வரும்? நாக்கில் எச்சில்தான் வரும்.

இரண்டு கரைக்கும் நடுவே ஓடம் விட்டவர் செவந்தன். அவர் ஓடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கரையில் ஆள் நிற்பது தெரிந்தால் நடு ஆற்றிலிருந்தே கேட்பார்: "யாரப்பா அது கரையிலே?" ராஜாவானாலும் சரி, தேன்காரனானாலும் சரி, எந்தக் கரையில் நின்றாலும் சரி, ஒரே பதில்தான் சொல்ல வேண்டும்: "நம்ம ஆளுதான், ஓட்டு!" சொல்லாவிட்டால் ஓடம் வராது. சொன்னால் வெள்ளத்திலும் வரும்.

செவந்தனுக்கு ஒரே மகள். தினைக்கொல்லையில் பரண்மேல் நின்று "ஆலோலம்! ஆலோலம்!" என்று கிளி விரட்டுவது அவள் வேலை. அதனால் ஊருக்கே அவள் ஆலோலி. வைத்த பேர் என்னவென்று அவளுக்கே மறந்துவிட்டது. பருந்து மாதிரிக் கத்துவாள், கிளிகள் பறக்கும். ராஜா மாதிரிக் கொட்டாவி விடுவாள், அரண்மனைச் சமையல்காரன் பால் செம்போடு ஓடி வருவான். வந்த பாலை அவளே குடித்துவிடுவாள். அப்பேர்ப்பட்ட தொண்டை!

இப்படி இருக்கையில் ஒரு நாள் கொக்கரையன் வந்தான். மந்திரவாதி. ஆனால் சடை இல்லை, மண்டையோடு இல்லை, "ஹ்ரீம் ஹ்ராம்" இல்லை. தோளில் ஒரு செப்புக்குடம், வாயில் ஒரு புன்சிரிப்பு. சந்தையில் தயிர்க்காரி மயிலாத்தாளிடம் போய்ப் பணிவாகக் கேட்டான்.

"அம்மா, வீட்டைத் தாழ்ப்பாள் போட்டுட்டா வந்தீங்க?"

"இல்லையே தம்பி. எதுக்கு?"

"ஒண்ணுமில்லை."

அவ்வளவுதான் சொன்னான். ஆனால் அந்த "ஒண்ணுமில்லை"யைச் சொன்ன விதம் இருக்கிறதே! மயிலாத்தா தயிர்ப்பானையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். ஓடும்போது அவள் முதுகில் ஒரு நடுக்கம் ஓடியது. அந்த நடுக்கம் ஒரு சொட்டு நீராகப் பறந்து வந்து கொக்கரையன் குடத்துக்குள் "டிங்" என்று விழுந்தது. சும்மா சொல்லக்கூடாது, பயல் தொழில் தெரிந்தவன்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க ஒரே பேச்சு. அக்கரைக் காட்டில் ஊமைக் கடுவாய் என்று ஒரு கொடிய மிருகம் இருக்கிறதாம்!

"சத்தமே கேக்கலையே?" என்றார்கள்.

"அதனாலதான் ஊமை" என்றான் கொக்கரையன்.

"காலடித் தடம்கூட இல்லையே?"

"பார்த்தீங்களா, எவ்வளவு தந்திரம்!"

"யாரையும் கடிக்கலையே?"

"இன்னும் கடிக்கலை."

டிங், டிங், டிங். குடம் நிறைந்தது. அதில் ஒரு கை அள்ளி, ஊர்க் கொல்லைகளில் கிளி விரட்ட நட்டிருந்த வைக்கோல் பொம்மைகள்மேல் தெளித்தான். பொம்மைகள் எழுந்து நின்றன, ஈட்டி பிடித்தன, வரிசை கட்டின. ஊர்க்காரர்கள் கழுத்தில் ஆளுக்கொரு தாழ்ப்பாள் கட்டிவிட்டான். அதுதான் தாழ்ப்பாள் கட்சி. வழியில் பார்த்தால் வணக்கம் கிடையாது.

"தாழ்ப்பாள் போட்டாச்சா?"

"போட்டாச்சு, போட்டாச்சு!"

ராஜாவிடம் போனான். "எ-எ-என் கட்டிலுக்கு அடியிலே பார்த்தீங்களா?" என்றார் ராஜா. "பார்த்தேன் மகாராஜா, இப்போதைக்கு இல்லை" என்றான். ராஜா முத்திரை மோதிரத்தைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் தானே போய்ப் படுத்துக்கொண்டார்.

சில நாள் போயிற்று. கடுவாய் வரவில்லை. சனங்களுக்கு அலுத்துவிட்டது. ஒரு கதவு திறந்தது, இரண்டு கதவு திறந்தது. குடத்தில் மட்டம் இறங்கியது, வைக்கோல் காவலர்களுக்குக் கழுத்து தொங்கியது. கொக்கரையன் உடனே கதையை மாற்றினான். "கடுவாய் காட்டில் இல்லை. அக்கரைக்காரன் வேஷத்தில் வருகிறது!" டிங், டிங், டிங். ஓடம் நின்றது, தேன் நின்றது. இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். அவன் ஒரே வார்த்தையில் அக்கரையை இருட்டாக்கிவிட்டான்.

அதுவும் அலுத்தது. மறுபடி மாற்றினான். "கடுவாய்க்கு நம்ம ஊரிலேயே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். யார் பயப்படவில்லையோ, அவர்கள்தான்!"

அன்றைக்குச் சந்தை நடுவில் செவந்தன் எழுந்து நின்றார்.

"நான் தினம் அக்கரை போய் வந்தவன். கடுவாயைப் பார்த்ததே இல்லை. நீ பார்த்திருக்கியா தம்பி?"

கொக்கரையன் கோபப்படவில்லை. கூட்டத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டான். "தினம் போய் வந்தவராம். ஏன் இவரை மட்டும் அது கடிக்கலை?"

கூட்டம் ஓரடி பின்வாங்கியது. யார்? அவர் ஓடத்தில் கல்யாணத்துக்குப் போனவர்கள், பிரசவத்துக்குப் போனவர்கள், கூலி பாக்கி வைத்தவர்கள், எல்லாரும்தான். மயிலாத்தாளும் ஓரடி பின்வாங்கினாள். கொக்கரையன் குடத்து நீரைத் தெளித்தான். செவந்தன் கைகால் காய்ந்து, உடம்பு உலர்ந்து, வைக்கோல் ஆனார். கண் இருந்த இடத்தில் இரண்டு குன்றிமணி. கையில் ஈட்டி.

"முதல் மழை விழுந்து வைக்கோல் மக்கிவிட்டால், பிறகு யார் நினைத்தாலும் இவனை மீட்க முடியாது" என்று சொல்லிச் சிரித்தான் கொக்கரையன். மேற்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது.

ஆலோலி பரண்மேல் உட்கார்ந்து அழுதாள். கொல்லையில் கிழட்டுக் கிளி ஒன்று, மூக்கில் தினையோடு, வைக்கோல் பொம்மைத் தலையில் வந்து உட்கார்ந்தது.

"அழுது முடிச்சியா? முடிச்சிட்டா இந்தப் பொம்மைக்குச் சட்டையை மாத்து. பார்க்கவே சகிக்கலை. என் பேரப்பிள்ளை அது மடியிலதான் தூங்குறான்."

"முதல் நாள் பார்த்து அலறினீங்களே!"

"முதல் நாள் பயம். ரெண்டாம் நாள் சந்தேகம். மூணாம் நாள் எச்சம்" என்றது கிளி. சொன்னதைச் செய்தும் காட்டியது.

ஆலோலியின் அழுகை நின்றது. மூணாம் நாள் வருமுன்னே பொம்மையை இடம் மாற்ற வேண்டும், சட்டை மாற்ற வேண்டும். கிளி விரட்டுகிற எல்லாருக்கும் தெரிந்த சங்கதி இது. கொக்கரையனும் அதைத்தானே செய்கிறான்! காட்டில் நட்டான், அக்கரையில் நட்டான், இப்போது நம் வீட்டுக்குள்ளேயே நட்டுவிட்டான். ஒரே வித்தியாசம், அவன் பொம்மையை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காத பொம்மையின் தலையில் எப்படி எச்சம் போடுவது?

"கிளித் தாத்தா, அவன் கடுவாய்க்கு நான் ஒரு உடம்பு செய்யப் போறேன்!"

"செய். தலையைத் தட்டையா வை, உட்கார வசதியா இருக்கும்."

மறுநாள் காலை சந்தையில் தமுக்குக்காரன் குரல் முழங்கியது. தமுக்குக்காரனோ வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். "இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், ஊமைக் கடுவாய் பிடிபட்டது, பிடிபட்டது, பிடிபட்டது!" சனங்கள் ஓடி வந்தார்கள். பார்த்ததும் பாதிப் பேர் கூரைமேல் ஏறினார்கள். நடுச்சந்தையில் கயிற்றில் கட்டிக் கிடந்தது ஒரு மிருகம். ஆட்டுக்கிடா அளவு, கரி பூசிய வைக்கோல் உடம்பு, பூசணிக்காய்த் தலை, முறத்துக் காது.

கொக்கரையன் வந்தான், பார்த்தான், விழித்தான். இது கடுவாய் என்று சொன்னால், பிடிபட்ட கடுவாய்க்கு இத்தனை காவல் எதற்கு? இது கடுவாய் இல்லை என்று சொன்னால், நிஜக் கடுவாய் எப்படி இருக்கும் என்று கேட்பார்களே! ஆனாலும் சும்மாவா, கொக்கரையன் ஆச்சே!

"இது வெறும் குட்டி" என்றான். "தாய் வெளியே இருக்கு!"

டிங், டிங். மூன்றாவது டிங் விழவில்லை.

அடுத்த காலை தாய்க் கடுவாய் சந்தையில் நின்றது. எருமை அளவு, காதில் தேங்காய்ச் சிரட்டைக் கம்மல். இந்தத் தடவை கூரையில் ஏறியவர்கள் கொஞ்சம் பேர்தான். அதற்குள் குட்டியின்மேல் பிள்ளைகள் ஏறிச் சவாரி செய்தார்கள். காக்கைகள் செய்ய வேண்டியதைச் செய்தன. தாயின் முதுகு நல்ல வெயிலில் அகலமாகக் காலியாகக் கிடந்தது. மயிலாத்தா சுற்றும்முற்றும் பார்த்தாள். பிறகு அதன்மேல் துணி விரித்து வடகம் காயப் போட்டாள்.

கொக்கரையன் தொண்டை கட்டக் கத்தினான். "தகப்பன் இருக்கு! தகப்பன் இன்னும் வெளியே இருக்கு!"

டிங். ஒன்றே ஒன்று. அது கட்டிலுக்கு அடியிலிருந்து வந்தது.

அதற்கடுத்த காலை தகப்பன் கடுவாய் தானே நடந்து வந்தது. யானை அளவு, தென்னங்கீற்று மீசை. உள்ளே இருந்தவள் ஆலோலி. சந்தை நடுவில் நின்று, பரங்கிக்காய் வாயைத் திறந்து, ஊமைக் கடுவாய் பேசியது. யார் குரலில்? அச்சு அசல் கொக்கரையன் குரலில்!

"அம்மா... தாழ்ப்பாள் போட்டுட்டா வந்தீங்க?"

சந்தை திகைத்தது.

"எதுக்கு?" என்றாள் மயிலாத்தா, தன்னை அறியாமல்.

"ஒண்ணுமில்லை" என்றது கடுவாய்.

மயிலாத்தாளுக்கு வந்ததே சிரிப்பு! முதலில் மூக்கில் வந்தது, பிறகு வாயில் வந்தது, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்தவனுக்குத் தொற்றியது, அவன் மாமனுக்குத் தொற்றியது. "பாட்டன் வரலையா? சித்தப்பா வரலையா?" என்று கூவினார்கள். செப்புக்குடம் சொட், சொட், சொட் என்று ஒழுகியது. வைக்கோல் காவலர்கள் ஒவ்வொருவராக மடங்கி உட்கார்ந்தார்கள்.

கொக்கரையன் குடத்தைக் கவிழ்த்து, அடியில் கிடந்த கடைசிச் சொட்டுகளைத் தெளித்தான். ஒரே ஒரு காவலன்மேல். செவந்தன்மேல்.

"குத்து!"

வைக்கோல் செவந்தன் ஈட்டியை ஓங்கினார். சிரிப்பு நின்றது. கடுவாய் வயிற்றுக்குள் ஆலோலி. வெளியே வர வழியில்லை, வைக்கோலைக் கட்டிய கயிற்றில் கால் சிக்கியிருந்தது. ஈட்டி முனை வைக்கோலைத் துளைத்து, அவள் கண்ணெதிரே மின்னியது. பருந்து மாதிரிக் கத்தலாம், ராஜா மாதிரிக் கத்தலாம். ஒன்றும் வரவில்லை. வந்தது ஒரே ஒரு குரல். ஆற்றுக் காற்றில் கரகரத்த, அப்பன் குரல்.

"யாரப்பா அது கரையிலே?"

ஈட்டி நின்றது. குன்றிமணிக் கண்கள் இரண்டும் காத்திருந்தன. பதில் வராவிட்டால் ஓடம் நகராதே!

 அன்றைக்கு ஓரடி பின்வாங்கிய கால்கள் எல்லாம் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றன. முதல் தூறல் ஒன்று செவந்தன் தோளில் விழுந்தது. வைக்கோல் கறுத்தது.

மயிலாத்தா ஓரடி முன்னே வைத்தாள். குரல் நடுங்கியது. ஆனால் அந்த நடுக்கம் குடத்துக்குப் போகவில்லை.

"நம்ம ஆளுதான்... ஓட்டு."

அவள் பக்கத்தில் இன்னொருவன் வந்து நின்றான். "நம்ம ஆளுதான்." கூரையில் இருந்தவர்கள் இறங்கினார்கள். "நம்ம ஆளுதான், ஓட்டு!" சந்தை முழுக்க முழங்கியது. அந்த முழக்கம் ஆற்றைத் தாண்டிப் போயிற்று. அக்கரையில் தேன்குடத்தோடு தினம் வந்து காத்துக் கிடந்தவர்கள் அதைக் கேட்டார்கள். "நம்ம ஆளுதான், ஓட்டு!" என்று அங்கிருந்தும் பதில் வந்தது.

செப்புக்குடம் "பட்" என்று வெடித்தது. ஈட்டி கீழே விழுந்தது. செவந்தன் இருமினார், வாயிலிருந்து ஒரு வைக்கோலைத் துப்பினார், கடுவாய் வயிற்றைக் கிழித்து மகளை வெளியே இழுத்தார்.

"ஏம்மா ஆலோலி, என் குரல் இவ்வளவு கரகரன்னா இருக்கு?"

"இதைவிட மோசம் அப்பா. நான் கொஞ்சம் இனிமையாக்கிச் சொன்னேன்!"

அப்புறம்தான் மழை கொட்டியது. கொட்டட்டும்!

வெடித்த குடத்தில் ஒட்டியிருந்த ஈரம் எல்லாம் கொக்கரையன்மேல் தெறித்ததில், அவன் கையைத் தூக்கியபடியே வைக்கோல் ஆகிவிட்டான். ராஜா கட்டிலுக்கு அடியிலிருந்து ஒட்டடையோடு எழுந்து வந்து, "பாதி ராஜ்யம் தரட்டுமா குழந்தை?" என்றார். "ராஜ்யம் வேண்டாம் மகாராஜா, தாழ்ப்பாள் எல்லாம் வேணும்" என்றாள் ஆலோலி. ஊர்க் கழுத்திலிருந்த தாழ்ப்பாள்களை உருக்கி ஆணி அடித்தார்கள், அந்த ஆணியில் இன்னொரு ஓடம் கட்டினார்கள். அதை ஓட்டுவது யார்? பாதி நாள் செவந்தன் குரலிலும் பாதி நாள் ராஜா குரலிலும் ஆலோலிதான். கூலி வாங்கும்போது மட்டும் சொந்தக் குரல்.

கொக்கரையன் பொம்மையைத் தினைக்கொல்லையில் நட்டார்கள். அதை இடம் மாற்றுவதும் கிடையாது, சட்டை மாற்றுவதும் கிடையாது. கிழட்டுக் கிளி அதன் தலையில் குடும்பத்தோடு குடியேறி, ஒரு வரிசைத் தினையைத் தன் பங்காக வாங்கிக்கொண்டது.

இரட்டைக்கரையில் இப்போதும் கதவு திறந்துதான் கிடக்கிறதாம். பூனை வந்து தயிரைக் குடித்துவிட்டுப் போகிறதாம். மயிலாத்தா திட்டுகிறாளாம். ஆனால் வாசலில் சத்தம் கேட்டால் அவள் ஓடிப்போய்த் தாழ்ப்பாளைத் தேடுவதில்லை. "யாரப்பா அது?" என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன்னே இன்னொரு இலை போட்டுவிடுகிறாளாம்.