கணியனின் நூற்று எண்பத்து மூன்று தவறுகள்

"நாலு வருஷமா உங்களை வாசிக்கேன். ஒரு எழுத்து விட்டதில்ல. அப்படியும் என் அணி தோத்துட்டேதான் இருக்கு. அந்த ரகசியத்தை எனக்குச் சொல்லித் தாங்க."

கேட்டவர் வில்பிரெட். கருங்கல்காரர். அரசு சர்வேயர். வயது நாற்பத்தைந்து.

கேட்கப்பட்டவர் டெல்பின். முப்பது வயதுப் பெண். மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டிய ஒரு மாடியில் பிசியோதெரபி நிலையம் நடத்துகிறவர். கேள்வி வந்த நேரத்தில் அவர் இரண்டு கைகளுக்கு நடுவே ஒரு கொத்தனாரின் வலது தோள் இருந்தது.

டெல்பின் தோளை விடவில்லை.

"இரிங்க," என்றார்.

வில்பிரெட் உட்கார்ந்தார்.

ஃபேன்டசி ஃபுட்பால் என்று ஒரு விளையாட்டு. இங்கிலாந்தில் பந்து உதைக்கிறவர்களில் சிலரைப் பொறுக்கி, நாம் இங்கே கைப்பேசியில் ஓர் அணி கட்ட வேண்டும். அவர்கள் அங்கே கோல் அடித்தால் நமக்கு இங்கே புள்ளி. உலகம் முழுக்கப் பல லட்சம் பேர் ஆடுகிறார்கள். இந்த வாரம் யாரை எடுக்கலாம், யாரைக் கழற்றி விடலாம் என்று சொல்வதற்கென்றே ஆய்வாளர்கள் இருக்கிறார்கள்.

தமிழில் அப்படி எழுதுகிறவர்களில் 'எல்லைக்கோடு' என்ற பெயருக்கு அறுபதாயிரம் பேர் பின்னால் நின்றார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பதிவு வரும். படமில்லை, சண்டையில்லை, சொந்தக் கதையில்லை. எழுதுவது யாரென்று யாருக்கும் தெரியாது. லண்டனில் இருக்கும் ஏதோ என்ஜினியர் என்றுதான் வில்பிரெட் நினைத்திருந்தார்.

வில்பிரெட்டும் அதே மாதிரி ஆலோசனை சொல்ல ஒரு பக்கம் வைத்திருந்தார். பெயர் 'கால்பந்துக் கணியன்'. ஒன்பதாயிரம் பேர்.

ஒருநாள் எல்லைக்கோடு ஒரே ஒரு மழைப் படம் போட்டது. ஜன்னல், அதற்கு வெளியே ஒரு மேம்பாலம், பாதி தெரிகிற பாத்திரக்கடைப் பலகை. இருபது வருடம் நிலம் அளந்த கண்ணுக்கு அது போதும். எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி, எந்த ஜன்னல் என்பதுவரை கணக்குப் போட்டுவிட்டு, மறுவாரம் சனிக்கிழமை காலையில் படியேறி வந்துவிட்டார்.

கொத்தனாரை எழுப்பி உட்கார வைத்த பிறகு டெல்பின் கேட்டார்.

"ஒரு எழுத்து விட்டதில்லையா?"

"விட்டதில்ல டாக்டர்."

"நான் டாக்டர் இல்ல. என் பதிவு எதுல தொடங்கும்?"

"பதினோரு பேர் பட்டியல்ல."

"அதுக்கு முன்னாடி?"

வில்பிரெட் யோசித்தார். அதற்கு முன்னால் ஏதோ ஒரு நீளமான பத்தி இருக்கும். கட்டைவிரலால் தள்ளிவிட்டுப் பட்டியலுக்குப் போவதுதான் வழக்கம்.

கொத்தனாரும் எல்லைக்கோடு வாசகர்தான் போல. தோளைத் தடவிக்கொண்டே சொன்னார். "'போன வாரம் நான் தவறியவை'. அதுதானே மேடம்?"

"அதுதான்," என்றார் டெல்பின்.

வில்பிரெட்டுக்கு முகம் சுட்டது. ஆனாலும் எழுந்து போகவில்லை.

"நான் கத்துக்கணும்னு வந்திருக்கேன் மேடம். என்ன செய்யணும்னு சொல்லுங்க. செய்யுதேன்."

"உங்க தவறுகளைக் கொண்டு வாங்க."

"எங்கிட்ட இல்ல."

"தவறினதே இல்லையா?"

"தவறினதை எல்லாம் திங்கக்கிழமை காலையிலேயே அழிச்சிருவேன்."

டெல்பின் சுவரில் மாட்டியிருந்த கப்பிக்கயிற்றை இறக்கிக் கொத்தனார் கையில் கொடுத்தார். "இருபது தடவை இழுங்க அண்ணே. மெதுவா." பிறகு வில்பிரெட்டைப் பார்த்தார்.

"நீங்க அழிச்சா என்ன? யாராவது வச்சிருப்பாங்க."

அவ்வளவுதான் பாடம்.

வில்பிரெட் பேருந்தில் திரும்பும்போது கொதித்தார். முட்டி பிடித்து விடுகிற ஒரு பெண். தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். தவறுகளைக் கொண்டு வா என்கிறாள், ஏதோ வீட்டுப்பாட நோட்டு மாதிரி. இனி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு செய்தார்.

அந்த வாரம் அவர் அணி முப்பத்தொரு புள்ளி எடுத்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அணிகள்கூட அறுபது எடுத்திருந்தன.

திங்கட்கிழமை காலை. பதிவை அழிக்கப் போன விரல் பொத்தானுக்கு மேலே நின்றது.

அழிக்கவில்லை.

யார் வைத்திருப்பார்கள்? அது அவருக்கு நன்றாகவே தெரியும். தன்னைக் கேலி செய்தவர்களை அவர் வரிசையாகத் தடை செய்திருந்தார். அந்தப் பட்டியலைத் திறந்தார். இருநூற்றுப் பதினான்கு பேர்.

முதல் ஆள் தூத்துக்குடிக்காரன், அந்தோணிமிக்கேல். மூன்று வருடத்துக்கு முன்னால் 'கணியன் சொன்னால் எதிர்த்திசையில் ஓடு' என்று எழுதியவன்.

தடையை நீக்கினார். செய்தி எழுதினார். அழித்தார். மறுபடி எழுதினார்.

"வணக்கம். என் தவறான பதிவுகள் உங்களிடம் இருக்கிறதா?"

ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது.

"எத்தனை வேணும்?"

"இருக்கிறது எல்லாம்."

"வழக்குப் போடப் போறீங்களா?"

"இல்ல. வாசிக்கணும்."

பிறகு அவருடைய பழைய பதிவுகளின் படங்கள் வரத் தொடங்கின. ஒன்று, நான்கு, பதினொன்று. நாற்பத்திரண்டில் நின்றது. கடைசியில் ஒரு வரி: "எதுக்குச் சேத்து வச்சேன்னு எனக்கே தெரியல. எடுத்துக்கிடுங்க."

எல்லோரும் அப்படி இல்லை. ஒருவர் அவர் கேட்டதைப் படமெடுத்து ஊருக்கே காட்டினார். 'கணியர் பிச்சைக்குக் கிளம்பிவிட்டார்' என்று தலைப்புப் போட்டார். இரண்டு நாள் அதுவே பேச்சாக இருந்தது. அவர் பக்கத்திலிருந்து ஆட்கள் கழன்றார்கள். ஒன்பதாயிரம் ஏழாயிரமானது. ஏழு ஐந்தானது.

தாலுகா அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் கேட்டார். "என்ன வில்பிரெட், மானம் போவுதே?"

"போவட்டும். இன்னும் நூத்தறுவது பேர்கிட்ட கேக்கணும்."

கேட்டார். தினம் ஐந்து பேர். காலையில் சங்கிலி போட்டு நிலம் அளப்பார், மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஐந்து பேரிடம் கேட்பார். திட்டியவர்களுக்கும் நன்றி எழுதினார். கிடைத்ததை எல்லாம் அளவைக் குறிப்பு எழுதும் நீளநோட்டில் கையால் எழுதினார். தேதி, ஆட்டக்காரர், தான் சொன்னது, நடந்தது.

ஏழு வாரம். இருநூற்றுப் பதினான்கு பேரையும் முடித்தார்.

மொத்தம் நூற்று எண்பத்து மூன்று.

அந்தச் சனிக்கிழமை நோட்டோடு மாடியேறினார். டெல்பின் ஒரு பாட்டியம்மாவின் கணுக்காலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார். கொத்தனார் கப்பிக்கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். கை இப்போது காதுவரை உயர்ந்தது.

வில்பிரெட் நோட்டை நீட்டினார்.

டெல்பின் வாங்கவில்லை.

"வாசிங்க."

"இங்கயா?"

"சத்தமா. ஒண்ணு விடாம."

வில்பிரெட் கொத்தனாரைப் பார்த்தார். பாட்டியம்மாவைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"ஒண்ணு. இந்த பிரேசில் கோல்கீப்பரை நம்பாதீங்கன்னு சொன்னேன். அவர் நாலு ஆட்டம் ஒரு கோல் விடல. ரெண்டு. பெல்ஜியம்காரரைக் கேப்டன் ஆக்குங்கன்னு சொன்னேன். அவர் ஆடவே இறங்கல."

கொத்தனார் சிரித்தார். பத்தாவதில் பாட்டியம்மாவும் சிரித்தார், விளையாட்டு என்னவென்று புரியாமலே. இருபதாவதில் வில்பிரெட்டுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

முப்பத்தெட்டாவது.

"முழங்கால் உடைஞ்சு பத்து மாசம் படுத்துக் கிடந்த செனகல்காரர் திரும்பி வாறார். எடுக்காதீங்க. அவர் கதை முடிஞ்சாச்சு." நோட்டின் அடுத்த கட்டத்தைப் பார்த்தார். "மூணு கோல் அடிச்சார்."

"அடுத்தது," என்றார் டெல்பின்.

நாற்பத்தொன்று. தொடைத் தசை கிழிந்த ஒரு டச்சுக்காரர். கதை முடிஞ்சாச்சு. ஐம்பது. கணுக்கால் திருகிய ஒரு பதினெட்டு வயதுக்காரன். கதை முடிஞ்சாச்சு.

டெல்பின் மேசையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்துக் கொடுத்தார்.

"அந்தச் சொல்லு வாற இடத்துல எல்லாம் ஒரு கோடு போடுங்க. வாய் விட்டு வாசிக்க வேண்டாம்."

வில்பிரெட் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து, நோட்டை மடியில் வைத்துக் கோடு போடத் தொடங்கினார். பாட்டியம்மா மருமகளின் கையைப் பிடித்துப் படியிறங்கிப் போனார். கொத்தனார் சட்டை போட்டுக்கொண்டு, "வாறேன் மேடம்," என்று கிளம்பினார். பாலத்தின் மேல் வண்டிகள் ஓடின.

கோடுகளை எண்ணினார். எழுபத்தொன்று.

நம்பாமல் இன்னொரு முறை எண்ணினார். எழுபத்தொன்றுதான்.

காயம் பட்டுத் திரும்பி வந்த எழுபத்தொரு பேர். ஒவ்வொருவர் பெயருக்குக் கீழும் அதே இரண்டு சொல். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அவர் கையெழுத்திலேயே, அந்த ஆள் ஓடியதும் அடித்ததும் தடுத்ததும் இருந்தன.

அந்தச் சொல்லை முதலில் சொன்னது யார் என்பது அப்போது அவருக்கு நினைவு வந்தது.

இரண்டாயிரத்து ஒன்று. நாகர்கோவிலில் மாவட்டக் கால்பந்து அணித் தேர்வு. வில்பிரெட் இடது ஓரத்தில் ஆடுவார், வயது இருபத்திரண்டு. எதிராளி சறுக்கி வந்து முட்டியில் மோதினான். தரையில் கிடந்தபோது, குடை பிடித்து நின்ற ஒரு தேர்வாளர் பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகத்தான் சொன்னார். அது வில்பிரெட் காதில் விழுந்துவிட்டது.

இவன் கதை முடிஞ்சாச்சு.

கட்டுப் போட்டார்கள். இரண்டு மாதத்தில் வீக்கம் வடிந்தது. பூட்ஸை அவர் மறுபடி எடுக்கவில்லை. சர்வேயர் பரீட்சைக்குப் படிக்க வேண்டும், ஆட நேரமில்லை என்று வீட்டில் சொன்னார். கூட ஆடியவர்களிடம் சொன்னார். கல்யாணம் ஆன பிறகு மனைவியிடம் சொன்னார். சொல்லிச் சொல்லி அவரே அதை நம்பியும் விட்டார்.

பென்சில் நோட்டின் மேல் அசையாமல் நின்றது.

டெல்பின் கைகழுவிவிட்டு வந்து அவருக்கு எதிரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நோட்டைப் பார்க்கவில்லை. எத்தனை கோடு என்று கேட்கவில்லை.

"எந்தக் கால் அண்ணே?" என்றார்.

வில்பிரெட் வாயைத் திறந்தார். பரீட்சை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினார்.

குனிந்து, பேண்ட்டை முட்டிக்கு மேலே சுருட்டினார்.

"இடது," என்றார்.