குழியில் விழாத கல்

ஒரு காட்டின் நடுவே ஓர் ஓடை ஓடியது. ஓடை என்றால் கரை இரண்டு இருக்கும் அல்லவா, குழந்தைகளே? இந்த ஓடைக்கும் கீழ்க்கரை, மேல்கரை என்று இரண்டு இருந்தன. கீழ்க்கரையில் ஒரு செந்நாயின் அட்டகாசம். மேல்கரையில் ஒரு சிறுத்தையின் ஆட்சி. இரண்டு கரையிலும் சின்னப் பிராணிகள் வாயைப் பொத்திக்கொண்டு வாழ்ந்தன.

மலைக்கு அப்பால் இன்னொரு காடு இருந்தது. அங்கே யாரும் யாருக்கும் பயப்படுவதில்லை. அந்தக் காட்டின் தலைமை யானைக்கு இந்தச் சங்கதி எட்டியது. அதற்கு மனம் கேட்கவில்லை.

"அங்கே கரைக்கு ஒரு பாறையை ஒதுக்குவோம். குறை உள்ளவர் யாராக இருந்தாலும் அதன்மேல் ஏறித் தைரியமாகச் சொல்லட்டும். சொன்னவரை யாரும் தொடாதபடி கரைக்கு இரண்டு காட்டெருமைகள் காவல் நிற்கட்டும்" என்றது யானை.

சொன்னபடியே நடந்தது. ஒரு குறை சொன்னால் பாறைக்குக் கீழே உள்ள குழியில் ஒரு கூழாங்கல் போட வேண்டும். அதுதான் வழக்கம்.

ஓராண்டு கழிந்தது. யானை ஒரு நாரையைக் கூப்பிட்டது. அந்த நாரை எண்ணுவதில் கெட்டி. வானத்தில் பறக்கும் கொக்குக் கூட்டத்தைக்கூட ஒன்று விடாமல் எண்ணிச் சொல்லும். அதில் அதற்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"அடுத்த ஆண்டு இரண்டு காட்டெருமைகளைத்தான் அனுப்ப முடியும். எந்தக் கரையில் நம் உதவி பலித்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வா. அந்தக் கரையில் மட்டும் காவல் இருக்கட்டும்" என்றது யானை.

நாரை முதலில் கீழ்க்கரையில் இறங்கியது. அப்பப்பா, என்ன இரைச்சல்! பாறையைச் சுற்றி ஒரே தள்ளுமுள்ளு. குழியில் கல் நிரம்பி வெளியே சிதறிக் கிடந்தது.

பாறைமேல் ஓர் அணில் நின்று கத்திக்கொண்டிருந்தது. "காவலுக்கு வந்த இந்தக் காட்டெருமை மத்தியானம் முழுக்கத் தூங்குகிறது! இதைக் கேட்க ஆள் இல்லையா?"

"காவல்காரர் மேலேயே குறையா?" என்று நாரை திகைத்தது.

"இதாவது பரவாயில்லை. நேற்று அவர் கொட்டாவி விட்டதற்கே இந்த அணில் ஒரு கல் போட்டது" என்று அலுத்துக்கொண்டது இன்னொரு காட்டெருமை.

அடுத்து ஒரு தவளை ஏறியது. "இந்த ஆண்டு மழை போதவில்லை!" என்று சொல்லிவிட்டுக் குழியில் ஒரு கல்லைப் போட்டது.

"மழை பெய்யாததற்குப் பாறை என்ன செய்யும்?" என்று கேட்டது நாரை.

"ஒன்றும் செய்யாது. சொல்ல இடம் கிடைத்திருக்கிறது, சொல்கிறேன். உனக்கென்ன வந்தது?"

நாரை கல்லை எண்ணத் தொடங்கியது. தவளை பக்கத்திலேயே கத்திக்கொண்டிருந்ததால் மூன்று முறை எண்ண வேண்டியதாயிற்று. மூன்று முறையும் முந்நூற்றுப் பன்னிரண்டு வந்தது.

'ஒரே ஆண்டில் இத்தனை துன்பமா!' நாரைக்குத் தலை சுற்றியது.

அப்போது ஒரு தாய் முயல் அருகே வந்தது. அதன் பின்னால் நான்கு குட்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தன.

"நாரையம்மா, காவலை எடுத்துவிடாதீர்கள். பாறை வருவதற்கு முன் செந்நாய் என் குட்டிகள் ஏழு பேரைத் தூக்கிக்கொண்டு போயிற்று. இந்த ஆண்டும் வளை வாசலில் வந்து முகர்ந்தது. நான் ஓடி வந்து பாறையில் ஏறிச் சொன்னேன். காட்டெருமைகள் அதை விரட்டின. நான்கு பேரும் பிழைத்தார்கள்."

"ஏழு குட்டிகள் போனபோது எத்தனை கல் விழுந்தது?"

"அப்போது ஏது பாறை, ஏது கல்?"

"நான்கும் பிழைத்தபோது?"

"ஒரு கல். நான்தான் போட்டேன்."

நாரை ஒற்றைக் காலை மாற்றி நின்று யோசித்தது. ஏழு போனபோது கல்லே இல்லை. ஒன்றும் போகாதபோது ஒரு கல். அதற்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. குழம்பிய தலையோடு ஓடையைத் தாண்டிப் பறந்தது.

மேல்கரையில் ஒரு சத்தமும் இல்லை. சிறுத்தையே எதிரே வந்து வரவேற்றது. மயில்கள் ஆடின. மான்கள் வரிசையாக நின்றன.

"எங்கள் குழியைப் பாருங்கள்" என்றது சிறுத்தை.

நாரை பார்த்தது. குழி சுத்தமாக இருந்தது. ஒரு கல்கூட இல்லை.

"காவலுக்கு வந்த காட்டெருமைகள் எங்கே?"

"குறையே இல்லாத இடத்தில் அவர்களுக்கு என்ன வேலை? தூரத்தில் நல்ல புல்வெளி ஒன்றைக் காட்டிவிட்டேன். அங்கே நிம்மதியாக மேய்கிறார்கள்."

நாரை ஒரு மானைக் கேட்டது. "உனக்கு ஏதாவது குறை உண்டா?"

"சிறுத்தை ஐயா எங்கள் தகப்பன் மாதிரி. எங்களுக்குக் குறையே இல்லை."

அடுத்த மானும் சொல்லிவைத்தாற்போல் அதையே சொன்னது. அதற்கடுத்த மானும் அதையேதான் சொன்னது. வரிசையின் கடைசியில் நின்ற சருகுமான் மட்டும் வாயைத் திறந்தது. சிறுத்தையைப் பார்த்தது. மறுபடியும் மூடிக்கொண்டது.

புறப்படும் முன் நாரை பாறைமேல் இறங்கிப் பார்த்தது. பாசி வழவழவென்று படர்ந்திருந்தது, கால் வழுக்கியது. அதில் ஒரு குளம்படி இல்லை, ஒரு நகக்கீறல் இல்லை. நாரைக்கு நெஞ்சுக்குள் ஏதோ உறுத்தியது. என்னவென்றுதான் தெரியவில்லை.

யானையிடம் திரும்பியது.

"கீழ்க்கரையில் எத்தனை?"

"முந்நூற்றுப் பன்னிரண்டு குறை, தலைவரே."

"மேல்கரையில்?"

"ஒன்றுகூட இல்லை. ஆனால் அதில் ஒரு சின்னக் குழப்பம்..."

"எண்ணியது தப்பா?"

நாரைக்குச் சுருக்கென்றது. "என் எண்ணிக்கை எப்படித் தப்பும்? மூன்று முறை எண்ணினேன்!"

"பிறகென்ன குழப்பம்?"

நாரை அலகைத் திறந்தது. அந்த முயலின் கணக்கை எப்படிச் சொல்வது? பாசியைப் பற்றிச் சொன்னால் சிரிக்க மாட்டார்களா? "ஒன்றுமில்லை, தலைவரே" என்று சொல்லிவிட்டது.

"அப்படியானால் மேல்கரையில்தான் நம் உதவி பலித்திருக்கிறது. கீழ்க்கரைக் காவல் வீண். அவர்களைத் திரும்பக் கூப்பிடுங்கள்" என்றது யானை.

இன்னோர் ஆண்டு போயிற்று. நாரை மறுபடியும் வந்தது. மேல்கரைக்குப் போகும் வழியில் கீழ்க்கரையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்று இறங்கியது.

இரைச்சல் இல்லை. தள்ளுமுள்ளு இல்லை. பழைய கற்களை மழைவெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. அதன்பிறகு ஒரு கல்கூடக் குழியில் விழவில்லை.

'கீழ்க்கரையும் தேறிவிட்டதே!' என்று நாரைக்குச் சந்தோஷம். பாறைமேல் இறங்கியது. கால் வழுக்கியது. குனிந்து பார்த்தால் பாசி.

அந்தச் சந்தோஷம் அப்படியே நின்றது.

புதர் ஓரத்தில் தாய் முயல் தனியாக உட்கார்ந்திருந்தது. நாரை கிட்டே போயிற்று.

"முயலே, உன் குட்டிகள் எங்கே?"

முயலின் கண் எதிர்ப் புதருக்குப் போயிற்று. அங்கே சிவப்பாக ஒரு வால் அசைந்தது.

"எனக்குக் குறையே இல்லை, நாரையம்மா" என்றது முயல். "செந்நாய் ஐயா எங்கள் தகப்பன் மாதிரி."

ஓராண்டாக நாரையை உறுத்திக்கொண்டிருந்தது என்னவென்று இப்போது தெரிந்துவிட்டது. மேல்கரை மான்கள் எதைச் சொன்னன, சருகுமான் எதைச் சொல்லவில்லை, எல்லாமே தெரிந்துவிட்டது. வெட்கமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அது ஓடைக்குப் போய் அலகில் ஒரு கூழாங்கல்லை எடுத்து வந்தது. பாசியில் வழுக்கி வழுக்கிப் பாறைமேல் ஏறியது. கல்லைக் காலடியில் வைத்துவிட்டு உரக்கச் சொன்னது:

"நான் கல்லை எண்ணினேன், காட்டைப் பார்க்கவில்லை. இந்த முயலின் நான்கு குட்டிகள் போனதற்கு நானும் காரணம். என் குறை என்மேல்தான். இதை யானையிடமும் சொல்வேன். இந்தத் தடவை எதையும் விடாமல் சொல்வேன்."

பிறகு கல்லைக் குழியில் போட்டது. அந்தச் சத்தத்தில் முயலின் காது ஒரு கணம் நிமிர்ந்தது. ஆனால் அது இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

நீதி: குறை சொல்லும் குரல் கேட்காத இடமெல்லாம் குறை இல்லாத இடம் என்று நம்பிவிடாதே, அங்கே வாய் திறக்க முடிகிறதா என்று முதலில் பார்.