செருப்பு மிதந்த தேர்தல்

முன்னொரு காலத்தில், ஒரே ஓர் ஏரியை நம்பிப் பிழைத்த நாடு ஒன்று இருந்தது. ஏரியைக் கவனிக்க ஆண்டுக்கொரு முறை ஏரித்தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். வேண்டியவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட வேண்டும். யார் போடலாம்? பிறந்த நாளை எவரும் குறித்து வைக்காத காலம். அதனால் ராஜாவின் பாட்டனார் வயதுக்கு ஓர் அளவு கண்டுபிடித்துக் கல்லில் வெட்டிவிட்டார்: ‘அரண்மனைப் படியில் ஏரி வெள்ளம் ஏறியதைக் கண்ணால் கண்டவருக்கே ஓலை.’

வெட்டியபோது நல்ல சட்டம்தான். அந்த வெள்ளம் வந்து அப்போது இருபது ஆண்டுகளே ஆகியிருந்தன. இப்போது எழுபது. வெள்ளம் கண்டவர்களில் மிச்சம் ஒன்பது பேர். ஒன்பது பேரும் தலைமை அமைச்சர் மழவராயருக்கு மாமன், சித்தப்பன் முறை. ஆகவே அவருடைய மைத்துனர்தான் பதினோரு ஆண்டுகளாக ஏரித்தலைவர். அவர் ஏரியை ஒருமுறை பல்லக்கிலிருந்து பார்த்ததாகச் சொல்வார்கள்.

தேர்தல் முடிவதற்கு முந்தைய நாள் காலை, ஒன்பது ஓலைகள் விழுந்திருந்த குடத்தை ராஜா எடுத்துக் குலுக்கினார். அவருக்கு வயது முப்பது. குலுக்க ஏதாவது கிடைத்தால் விடமாட்டார்.

“என்ன இது, கிழவர் வாயில் பல் ஆடுவது போலச் சத்தம்? நாளை உச்சிப்பொழுதுக்குள் இந்தக் குடம் நிரம்ப வேண்டும். பாட்டனார் சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறக் கூடாது.”

மழவராயருக்கு நெடுநாளாக விகடகவி கொப்பையன்மேல் ஒரு கடுப்பு. “பிரபு, நம் கொப்பையன் இருக்கக் கவலை ஏன்? நிரப்பட்டும். தவறினால் ஓராண்டு அவன் வாய் திறக்கக் கூடாது.”

“ஆகட்டும்,” என்றார் ராஜா.

“இதை என் மனைவி கேட்டால் அமைச்சருக்குக் கோயில் கட்டுவாள், மகாராஜா,” என்று கும்பிட்டுவிட்டுக் கொப்பையன் ஏரிக்கு நடந்தான்.

அங்கே மதகுக்குப் பக்கத்தில் கரை விரிசல் விட்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு இளவட்டங்கள் இடுப்பளவுச் சேற்றில் நின்று வைக்கோலும் களிமண்ணுமாக அதை அடைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் பத்தொன்பது வயதிருக்கும் தேனம்மை.

“இன்னைக்கும் அடைப்புதானா தாயி?”

“பின்ன என்ன மாமா? நாங்க கைய எடுத்தா தண்ணி வாய்க்கால் வழியா நேரா ராஜவீதிக்குத்தான் போவும். ஏரித்தலைவர்கிட்ட எத்தன தடவ சொல்றது? ‘வெள்ளம் பாக்காத பொடிசுங்களுக்கு ஏரியப் பத்தி என்ன தெரியும்’னு வெரட்டுறாரு. வர்ற ஐப்பசி மழைய இந்தக் கரை தாங்காது. எங்க வீடெல்லாம் கரைக்குக் கீழதான் இருக்கு.”

கொப்பையன் குனிந்து விரிசலையும் வாய்க்காலையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு மெல்லக் கேட்டான்: “நாளைக்கு ரெண்டு நாழி கைய எடுத்தா உங்க வீட்டுக்கு ஆபத்தா?”

“ரெண்டு நாழிக்கு ஒண்ணும் ஆவாது. ராஜவீதிதான் நனையும்.”

“நனையட்டுமே. எல்லாரும் அரண்மனைக்கு வந்துருங்க. ஊரையும் கூட்டிட்டு வாங்க.”

மறுநாள் அரண்மனை வாசலில் ஊரே கூடியிருந்தது. ராஜா எட்டிப் பார்த்தார். தாமரை இலையும் தவளையுமாகத் தண்ணீர் ராஜவீதியில் வந்து முதல் படியில் ஏறியது. படியில் கழற்றி வைத்திருந்த மழவராயரின் செருப்பு இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு மிதந்தன.

“மகாராஜா, அரண்மனைப் படியில் ஏரி வெள்ளம். இத்தனை பேரும் கண்ணால் கண்டுவிட்டார்கள். ஓலை கொடுக்கலாமா?” என்றான் கொப்பையன்.

“இதுவா வெள்ளம்? கணுக்கால்கூட நனையவில்லை!” என்று கத்தினார் மழவராயர்.

“ஆழம் எவ்வளவு என்று கல்லில் இல்லை. அமைச்சருக்குக் கழுத்தளவு வேண்டுமென்றால் அதுவும் கிடைக்கும். தினமும் விரிசலை அடைக்கிற தேனம்மையும் கூட்டாளிகளும் இதோ இங்கே நிற்கிறார்கள். இன்னும் கொஞ்சம் வேடிக்கை பார்க்கச் சொன்னால் போதும்.”

ராஜாவின் சிரிப்பு பாதியில் நின்றது. “தினமுமா? ஏரித்தலைவர் என்ன செய்கிறார்?”

மைத்துனர் தூணுக்குப் பின்னால் போய்விட்டார்.

மழவராயர் விடவில்லை. “பிரபு, இடுப்புக் குழந்தைகளும் பார்த்தன. அவற்றுக்கும் ஓலையா?”

“நம் படையில் எந்த வயதில் வேல் கொடுக்கிறோம் ஐயா?” என்று கேட்டான் கொப்பையன்.

“உத்தேசமாகப் பதினெட்டில்.”

“வேலைத் தூக்குகிற கைக்கு ஓலை கனக்காது.”

“கல்லில் எழுத்து மாறக் கூடாது என்றுதான் சொன்னேன்,” என்றார் ராஜா. “கீழே ஒரு வரி சேர்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. பதினெட்டு வயது ஆனதாக ஊரார் சொல்லும் எல்லாருக்கும் ஓலை, வெள்ளம் கண்டாலும் காணாவிட்டாலும். இனிப் பிறக்கும் பிள்ளைகளின் நாளைக் குறித்து வையுங்கள். அம்மா தேனம்மை, முதலில் ஓடிப்போய் விரிசலை அடைத்துவிடுங்கள். வந்து எழுதலாம்.”

உச்சிப்பொழுதில் குடம் நிரம்பி வழிந்தது. தேனம்மை ஏரித்தலைவி ஆனாள். அந்தப் புரட்டாசிக்குள் கரை கல் வைத்துக் கட்டப்பட்டது.

ஆசை யாரை விட்டது? கொப்பையனும் போட்டியிட்டிருந்தான். அவனுக்கு விழுந்தது ஒரே ஓலை.

“சொந்தப் பெயரை எழுதிக்கொண்டாயா?” என்று கேலி செய்தார் மழவராயர், ஈரச் செருப்போடு.

“இல்லை ஐயா, நான் தேனம்மைக்குப் போட்டேன். என் மனைவியும்தான். அவள் எனக்குப் போடமாட்டாள், அவளுக்கு என்னைத் தெரியும்.”

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “எனக்கும் நேற்றுவரை ஓலை இல்லையே கொப்பையா! என் முதல் ஓலை அது,” என்று சொல்லித் தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.

மாலையை மனைவி வாங்கிக்கொண்டாள். குடத்திலிருந்து எடுத்துக்கொண்ட அந்த ஓலையைக் கொப்பையன் கடைசிவரை யாருக்கும் கொடுக்கவில்லை.