எரியாத பின்விளக்கு

டிராக்டர்களுக்கு ஒயரிங் பார்க்கும் பரிமளாவுக்கு வயது முப்பத்திரண்டு. அவளிடம் தொழில் படிக்க வந்த தேவசகாயத்துக்கு ஐம்பத்தாறு. தீபாவளி வரை பெயிண்டராக இருந்தவர். பெயிண்ட் வாடை மூச்சுக்கு ஆகவில்லை என்று இங்கே வந்து சேர்ந்தார். குருவை அவர் 'அம்மா' என்பார், சிஷ்யனை அவள் 'அண்ணே' என்பாள். பார்ப்பவர்கள்தான் குழம்பிப்போவார்கள்.

ஒருநாள் மத்தியானம் மாயவன் டிராக்டரோடு வந்தார். பின்னால் டிரெய்லர் நிறையக் கரும்பு.

"பின்னாடி லைட்டே எரியல. நேத்து இருட்டுற நேரத்துல ஒரு பைக் வந்து மோதப் பாத்துச்சு. புருஷன், பொண்டாட்டி, மடியில குழந்தை. மயிரிழையில தப்பிச்சாங்க. சரியாகாம வண்டியை எடுக்க மாட்டேன். கரும்பு காஞ்சா காயட்டும்."

தேவசகாயம் பல்பை மாற்றினார். எரியவில்லை. ஃபியூஸ் நன்றாகவே இருந்தது. டிரெய்லர் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினார். ஊஹூம். டெஸ்ட் லாம்பின் கிளிப்பை டிராக்டரில் மாட்டி, முனையைப் பல்பு ஹோல்டருக்குள் வைத்தார். டெஸ்ட் லாம்ப் ஜம்மென்று எரிந்தது.

"இதென்னம்மா கூத்து? கரண்ட் இதுவரைக்கும் வந்து நிக்குது. பல்பு மட்டும் ஏன் எரியல?"

பரிமளா ஒரு நீள ஒயரை எடுத்து, ஒரு முனையை டிராக்டரின் இரும்பில் கட்டி, மறுமுனையை ஹோல்டரின் இரும்பில் வைத்தாள். விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஒயரை எடுத்தாள். அணைந்தது.

"வந்துச்சு, சரி. திரும்பிப் போக வழி?"

தேவசகாயம் டிரெய்லருக்கு அடியில் நுழைந்து, கரண்ட் திரும்பிப் போகும் எர்த் ஒயரை டிரெய்லர் இரும்போடு பிடித்திருந்த போல்ட்டைக் கழற்றினார். அதன் அடியிலும் பச்சை பெயிண்ட். ஒயர் இரும்பைத் தொடவே முடியாதபடி வழவழவென்று மூடியிருந்தது. அவர் வெளியே வர நேரமாயிற்று.

"மாயவா, இது நான் அடிச்ச பெயிண்ட்டுப்பா. ஆயுத பூசைக்கு. துரு ஏறக் கூடாதுன்னு போல்ட்டைக் கழட்டி அடியிலயும் அடிச்சேன். ஐயோ, அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆயிருந்தா?"

"அதுக்கப்புறம் டிரெய்லர் நேத்துதாண்ணே ரோட்டுக்கே வந்துச்சு. எனக்கும்தான் தெரியல. விடுங்க, ஒண்ணும் ஆகலையே."

உப்புத்தாளால் தேய்த்து இரும்பை வெளியே கொண்டுவந்து, போல்ட்டை இறுக்கினார்கள். இரண்டு பின்விளக்குகளும் எரிந்தன. மாயவன் இருவரையும் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். வண்டி வளைவு தாண்டும்வரை தேவசகாயம் பார்த்துக்கொண்டே நின்றார். கண் கலங்கியிருந்தது.

"மாதா காப்பாத்துனாங்கம்மா. அரை மணி நேரம் விடுங்க. கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏத்திட்டு வந்துடறேன். நன்றி சொல்லாம எனக்கு மனசு ஆறாது."

"சொல்லணும்ணே, கட்டாயம் சொல்லணும். ஆயுத பூசைக்கு மொத்தம் எத்தனை டிரெய்லருக்குப் பெயிண்ட் அடிச்சீங்க?"

"பன்னெண்டு."

பரிமளா கடை ஷட்டரை இழுத்து இறக்கினாள்.

"மிச்சம் பதினொண்ணு. உப்புத்தாளை எடுத்துக்கங்க."