ஊற்றுக்குக் களிமண் பூசிய பன்றி

ஒரு காட்டில் ஓர் ஆறு இருந்தது. ஆறு என்று பேர்தான். அந்தக் கோடையில் அதில் கரைக்குக் கரை மணலைத் தவிர வேறொன்றும் இல்லை. பக்கத்தில் ஒரு குளம் உண்டு. அதன் தரை களிமண். அதுவும் காய்ந்து, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நடுவில் மட்டும் கொஞ்சம் சேறு மிச்சம். அந்தச் சேற்றை நக்கினால் நாக்கில் மண் ஒட்டுமே தவிர, தாகம் தீராது.

ஒருநாள் யானைக் கூட்டம் ஒன்று அந்த வழியே வந்தது. யானைகள் ஆற்று மணலைத் தும்பிக்கையால் முகர்ந்து பார்த்தன. ஓரிடத்தில் காலால் தோண்டின. தோண்டிய குழிக்குள் தண்ணீர் ஊறி வந்தது! வயிறு முட்டக் குடித்துவிட்டு, யானைகள் மலையைத் தாண்டிப் போய்விட்டன. மற்ற விலங்குகளும் அவற்றின் பின்னாலேயே கிளம்பின.

போகாமல் நின்றவை மூன்றே மூன்று. ஒன்று, காட்டுப்பன்றி. நல்ல மனசு. ஆனால் பிறந்ததிலிருந்து சேற்றில் புரள்கிறதல்லவா, மண்ணைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவுமே இல்லை என்று அதற்கு ஒரு நினைப்பு. இன்னொன்று, எதற்கெடுத்தாலும் கேலி பேசும் குரங்கு. மூன்றாவது, ஒரு புள்ளிமான். அது போக முடியாமல்தான் நின்றது. அது ஈன்ற குட்டிக்கு இன்னும் கால் தள்ளாடியது. மலை ஏறுவது எப்படி? குழியில் தண்ணீர் இருந்தால் தாய்க்குப் பால் சுரக்கும். தண்ணீர் நின்றால் பாலும் நின்றுவிடும். ஆகவே அந்தக் குட்டியின் உயிர் அந்தக் குழியில்தான் இருந்தது.

ஒருநாள் காலையில் மான் தண்ணீர் குடித்துவிட்டுத் தலையை நிமிர்த்தியது. அதன் வாயிலிருந்து வழிந்த தண்ணீர் மணலில் விழுந்தது. விழுந்ததுதான் தெரியும், காணோம். பன்றி அதைப் பார்த்துவிட்டுப் பயந்துபோனது.

இந்த மணல் சுத்தத் திருடன், உடம்பெல்லாம் ஓட்டை, குழித் தண்ணீரையும் இப்படித்தான் உறிஞ்சிவிடப் போகிறது என்று அது மானிடம் சொன்னது. களிமண் அப்படியா? தன் குளம்பு பதிந்த பள்ளத்தில்கூட மழைத்தண்ணீர் நாள்கணக்கில் நிற்கும் என்றது. சிரிக்காதீர்கள் பிள்ளைகளே, நாமாக இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்போம். மான் தன் குட்டியை ஒரு தடவை பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டியது.

அப்புறம் பன்றி பட்ட பாடு இருக்கிறதே! குளத்துச் சேற்றை மூஞ்சியால் தள்ளித் தள்ளிக் கொண்டுவந்தது. குழியின் சுவரிலும் அடியிலும் கனமாக அப்பியது. ஓர் இடுக்குகூட இல்லாமல் கெட்டியாகும்வரை மிதி மிதி என்று மிதித்தது. பன்றியார் அரண்மனை கட்டுகிறார் என்று குரங்கு கிளையில் உட்கார்ந்து சிரித்தது. ஆனால் சாயங்காலம் பார்த்தால், குழியில் கிடந்த தண்ணீர் குறையாமல் அப்படியே நின்றது. குரங்கு கிளையிலிருந்து இறங்கி வந்து பார்த்தது. பன்றிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மூன்றும் குடித்தன. மறுநாளும் குடித்தன. குழி காலியானது.

காலியானது காலியானதுதான். முன்பெல்லாம் குடிக்கக் குடிக்க ஊறிய குழி, இப்போது ஊறவே இல்லை.

குரங்குதான் யாருக்கும் தெரியாமல் குடித்துத் தீர்த்துவிட்டது என்று பன்றி பழி போட்டது. குரங்கு சும்மா இருக்குமா? வாய்க்கு வந்தபடி ஏசியது. இரண்டும் மாறி மாறிக் கத்திக்கொண்டிருந்த நேரத்தில், குட்டி தாயின் மடியை முட்டி முட்டிப் பார்த்தது. பால் வரவில்லை. மணலில் சாய்ந்து படுத்துவிட்டது.

"அண்ணே, சண்டையை நிறுத்துங்கள்," என்றது மான். "என் பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை."

இரண்டும் குட்டியின் பக்கம் திரும்பின.

மான் குழிக்குள் இறங்கியது. துக்கம் தாங்காமல் முன்னங்காலால் சுவரை ஓங்கி உதைத்தது. காயத் தொடங்கியிருந்த பூச்சில் ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தது. அதன் பின்னால் மணல் தெரிந்தது. அது சொதசொதவென்று நனைந்திருந்தது.

மான் உதைப்பதை நிறுத்திவிட்டு உற்றுப் பார்த்தது. ஒரு மணல் துகளுக்கும் அடுத்த துகளுக்கும் நடுவிலிருந்து ஒரு துளி எட்டிப் பார்த்தது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் அங்கே, இங்கே, எங்கு பார்த்தாலும் துளிகள். அவை ஒன்றுகூடிக் கோடுகோடாக இறங்கின.

"மழையும் இல்லை, வெள்ளமும் இல்லை. இவ்வளவு நாளும் இது எங்கே இருந்தது?" என்று குரங்கு கேட்டது. அதன் குரலில் கேலி இல்லை.

பன்றி, விழுந்து கிடந்த களிமண் பாளத்தைக் கடித்துப் பார்த்தது. பின்பக்கம் ஜில்லென்று இருந்தது. அதற்குள்ளும் தண்ணீர் இருக்கிறது! ஆனால் எவ்வளவு அழுத்திக் கடித்தும் ஒரு சொட்டு வரவில்லை. களிமண்ணுக்குள்ளும் இடம் இருக்கிறது, அது கண்ணுக்கே தெரியாத பொடி இடம், அதில் புகுந்த தண்ணீர் நகர முடியாமல் மாட்டிக்கொள்கிறது என்று பன்றிக்கு அப்போதுதான் உறைத்தது. மணலில் இடைவெளி பெரிது. தண்ணீர் தாராளமாக நடந்து வரும்.

"தண்ணீர் வரும் வாசலுக்கா நான் களிமண் பூசினேன்? உன் குட்டியின் பாலை நிறுத்தியது நான்தான், தங்கச்சி," என்றது பன்றி.

சொல்லிவிட்டுச் சும்மா நிற்கவில்லை. கோரைப்பல்லால் பூச்சு முழுவதையும் பெயர்த்து வெளியே எறிந்தது. குரங்கும் இரண்டு கையாலும் வாரி எறிந்தது. யாரும் ஊற்றாத தண்ணீர், சத்தமே இல்லாமல், குழியில் ஏறியது. மூன்றும் அதைக் கண்கொட்டாமல் பார்த்தன. கரைக்குக் கரை இத்தனை மணல், அதற்கு நடுவே இத்தனை கோடி இண்டு இடுக்கு, அத்தனையிலும் தண்ணீர்! அதன்மேல்தான் தினமும் நடந்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவற்றுக்கு உடம்பு சிலிர்த்தது.

மான் குடித்தது. தண்ணீர் குறைந்தது. பன்றி குழிக்குள் எட்டிப் பார்த்தது. ஆனால் குறைந்த தண்ணீர் மறுபடி மெல்ல ஏறியது.

"குடி தங்கச்சி, இன்னும் குடி."

மான் தன் குட்டியின் பக்கத்தில் போய்ப் படுத்து, அதன் முகத்தை நக்கிக்கொண்டே இருந்தது. பொழுது சாயும் நேரத்தில் மடி கனத்தது. குட்டியின் உதடு அசைந்தது. அப்புறம் சப்பும் சத்தம் கேட்டது. அதைக் கேட்டு, அந்தப் பெரிய பன்றி குலுங்கிக் குலுங்கி அழுதது.

நீதி: ஒன்று போய்விடுமோ என்று அஞ்சி அடைப்பதற்கு முன், அது எந்த வழியாக வந்தது என்று பார்க்க வேண்டும்.