நாகமணி வேண்டாம் என்றாள்

சுகிர்தா அன்று பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது முகம் வாடியிருந்தது. எச்.ஐ.வி. ஏழைப் பெண்களை எந்த வழியாக வந்து பிடிக்கிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. அதற்காகக் கொங்கு நாட்டு ஊர்களில் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய நெறியாளர் ஜமீலா, அதிகம் பேசாதவர்.

"மேடம், நாகமணின்னு ஒரு பொண்ணு. வாயே திறக்க மாட்டேங்கறா. அவளை விட்டுடலாமான்னு பாக்கறேன்."

"யார் அவ?"

சுகிர்தா சொன்னாள். பதினொன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி நாகமணியைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலை. வடக்கே போனால் திரும்ப மாதக்கணக்காகும். அவனுக்கு நோய் இருந்தது அவன் வீட்டாருக்கு முன்பே தெரியும். கல்யாணம் செய்துவைத்தால் ஆள் தேறிவிடுவான் என்று நினைத்தார்களாம். அவன் செத்துப்போனான். நோய் இவளிடம் தங்கிவிட்டது. "இவ வந்துதான் எம்மவனைத் தின்னுட்டா" என்று மாமியார் வெளியே தள்ளினாள். இப்போது தாய் வீட்டில் இருக்கிறாள்.

"அவகிட்ட என்ன கேட்ட?"

"புருஷனுக்கு நோய்னு தெரிஞ்ச பிறகும் ஏம்மா வேண்டாம்னு சொல்லலைன்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டா."

"பேசறதுக்கு அவளா வந்து உக்காந்தாளா?"

"இல்ல மேடம். தலை வலிக்குது, இன்னிக்கு வேண்டாங்க்கான்னுதான் சொன்னா. நான்தான் அஞ்சு நிமிஷம் போதும்மான்னேன். அவங்கம்மாவும், அக்கா தூரத்துல இருந்து வந்திருக்காங்க, உக்காருடின்னு..."

சுகிர்தா பாதியில் நிறுத்தினாள்.

ஜமீலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மறுபடியும் போ. வாசல்ல நின்னு, உள்ள வரலாமான்னு மட்டும் கேளு."

சுகிர்தா போனாள். கேட்டாள்.

"வேண்டாங்க்கா" என்றாள் நாகமணி.

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு சுகிர்தா திரும்பி நடந்தாள். பின்னால் நாகமணியின் தாய் பாவாயி மகளைத் திட்டுவது தெருமுனை வரை கேட்டது.

அடுத்த வாரமும் போனாள். அதற்கடுத்த வாரமும் போனாள். யார் என்று தெருவில் விசாரித்தவர்களிடம் மகளிர் குழுவிலிருந்து வருவதாகச் சொல்லிவைத்தாள். நாகமணியின் பதில் மாறவில்லை. பேருந்து நிறுத்தத்தின் தகரக் கொட்டகையில் வெக்கையில் வெந்தபடி உட்கார்ந்திருக்கும்போது சுகிர்தாவுக்கு அழுகையாக வந்தது.

"கூடப் படிக்கறவங்க எல்லாம் எழுதவே ஆரம்பிச்சுட்டாங்க மேடம். என் வேலை ஒரே ஒரு வார்த்தையில நின்னுபோச்சு" என்று ஜமீலாவின் அறையில் வந்து புலம்பினாள்.

"அந்த வார்த்தையைக் கேட்டுட்டு யாராவது அவ வீட்டு வாசல்ல இருந்து திரும்பிப் போயிருக்காங்களா?"

சுகிர்தா யோசித்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அன்றும் நாகமணி வேண்டாம் என்றாள். ஆனால் சுகிர்தா கொட்டகையில் பேருந்துக்குக் காத்திருந்தபோது அவளாகவே வந்தாள். சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். நெடுநேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்னேங்க்கா" என்றாள் திடீரென்று.

"என்ன சொன்னே?"

"வேண்டாம்னு. பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்தினப்பவே சொன்னேன். மாப்பிள்ளை பாக்க வந்தப்பவும் சொன்னேன். வெக்கப்படறான்னு எல்லாரும் சிரிச்சாங்க. அப்பறம் அவரு பையில மாத்திரை கெடந்துச்சு. கேட்டா, சத்து மாத்திரைன்னாங்க எங்க மாமியா. எனக்குப் பயமா இருந்துச்சு. பஸ் ஏறி வீட்டுக்கு ஓடியாந்துட்டேன். எங்கம்மா அடுத்த பஸ்ஸுலயே என்னைக் கூட்டிட்டுப் போயி விட்டுட்டு வந்துச்சு."

சுகிர்தா பையை மடியிலிருந்து கீழே இறக்கி வைத்தாள்.

"வழியெல்லாம் அழுதுட்டேதான் வந்துச்சுங்க்கா. எங்கம்மா கெட்டவ இல்ல."

பேருந்து வந்து நின்றது. சுகிர்தா ஏறவில்லை. புழுதி அடங்கும்வரை நாகமணி வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள்.

"எந்தங்கச்சி தேனு பத்தாவது படிக்கறா. அவளுக்கும் இப்ப பேசி முடிச்சுட்டாங்க. அந்தப் பையனும் ரிக் வண்டிதான். வேண்டாம்னு நான் சொன்னா, நீ இந்த வீட்டுல பேசறதுக்கு என்ன இருக்குதுங்கறாரு எங்க தாய்மாமா." அவள் இப்போதுதான் சுகிர்தாவைப் பார்த்தாள். "நீங்க ஒருத்தருதான் நான் சொன்னாத் திரும்பிப் போறீங்க. அதனாலதான் உங்ககிட்ட வந்தேன்."

மறுநாள் காலை சுகிர்தா ஜமீலாவின் அறைக்குள் கதவைக்கூடத் தட்டாமல் நுழைந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

"மேடம், நாம ஆராய்ச்சிக்குப் போனவங்க. இதுல தலையிடலாமா?"

ஜமீலா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

இருவரும் போய் இறங்கியபோது பாவாயி கோழிப்பண்ணை வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். நிச்சயத்துக்குத் தேதி குறிக்க மாமனும் வந்திருந்தார். ஜமீலா தரையில் பாவாயிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏனம்மா இவ்வளவு அவசரம்?"

"கருக்கல்ல பண்ணைக்குப் போனா பொழுது சாஞ்சுதானுங்க வர்றேன்" என்றாள் பாவாயி. "பெரியவளை வெச்சே ஊரு ஒரு மாதிரி பேசுது. சின்னவளை யாரை நம்பி விட்டுட்டுப் போறது? ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்துட்டன்னா என் உசுரு நிம்மதியாப் போகுமுங்க."

ஜமீலா கதவோரம் நின்ற சிறுமியைப் பார்த்தார்.

"கண்ணு, உனக்கு இந்தக் கல்யாணம் வேணுமா?"

தேனு அம்மாவைப் பார்த்தாள். மாமனைப் பார்த்தாள். ஜமீலா காத்திருந்தார். யாரோ பேச வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"வேண்டாம்." உதடு மட்டும்தான் அசைந்தது.

மாமன் சிரித்தார். "சின்னப் புள்ளை, அதுக்கு என்னங்க தெரியும்?"

"சின்னப் புள்ளைதான்" என்று ஜமீலா எழுந்தார். வாசலுக்கு வந்து குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கு போன் செய்தார்.

கல்யாணம் நின்றது. தேனு அரசு விடுதியில் தங்கிப் பள்ளிக்கூடம் போனாள். மாமன் அந்த வீட்டுப் படி மிதிப்பதை விட்டார்.

நாகமணியைத்தான் காப்பாற்ற முடியவில்லை. தேனுவின் மாப்பிள்ளை வீட்டார் வரப்போக இருந்த காலத்தில், தான் தினமும் விழுங்க வேண்டிய நோய் மாத்திரை அவர்கள் கண்ணில் படக்கூடாதென்று அதைக் கோழிக்கூட்டின் கூரையில் செருகிவைத்திருக்கிறாள். வீட்டில் ஆள் இருந்த நாட்களில் எடுக்க முடியாமல் விழுங்காமலே இருந்திருக்கிறாள். உடம்பு பலமிழந்ததில் காசநோய் பிடித்து நெஞ்சை அடைத்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு சுகிர்தா தினமும் போனாள்.

"தேனு பள்ளிக்கூடம் போறாளாக்கா?"

"போறாம்மா. கணக்குல நல்ல மார்க்."

நாகமணி கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள்.

கடைசி நாளில் பாவாயி கஞ்சி கொண்டுவந்திருந்தாள். ஒரு கரண்டி எடுத்து மகளின் வாயருகே கொண்டுபோனாள்.

"வேண்டாம்மா" என்றாள் நாகமணி.

"ஒரு வாய்..." என்று தொடங்கிய பாவாயி நிறுத்திக்கொண்டாள். கரண்டியைக் கிண்ணத்திலேயே போட்டாள். மூடிவைத்தாள். மகளுடைய காலைப் பிடித்துவிடத் தொடங்கினாள். மாலைக்குள் எல்லாம் முடிந்தது.

காரியம் எல்லாம் ஆன பிறகு சுகிர்தா ஜமீலாவிடம் வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"படிப்பு நின்னது, வறுமை, ஊர்ப்பேச்சு, வேலை தேடி வெளியூர் போற ஆம்பளைங்க, எல்லாத்தையும் காரணம்னு எழுதலாம் மேடம். ஆனா எழுத உக்காந்தா கை ஓடல. அந்தம்மா மேல ஆத்திரமா வருது. பஸ் ஏறி ஓடிவந்த பொண்ணை அடுத்த பஸ்ஸுல திரும்பக் கொண்டுபோய் விட்டவங்க. பெத்தவங்களே அப்படிச் செஞ்சா, வேற யாரை மேடம் காரணம்னு எழுதறது?"

ஜமீலா ஒரு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"பாவாயிகிட்ட நீ என்னல்லாம் கேட்ட?"

"ஒண்ணும் கேக்கல மேடம். அவங்க என் ஆராய்ச்சியில இல்ல."

"பாவாயியும் ஒரு காலத்துல இப்படி ஓடிவந்திருப்பாளே, அப்போ அவளை யாரு திரும்பக் கொண்டுபோய் விட்டாங்களாம்?"

சுகிர்தா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.